மாமி முன்னால கேட்ட கேள்வி

16 ஜூலை 2024

ஜிஷாவுக்கு, நர்ஸ் பெமிலா எழுதுவது.

இந்தக் கடிதத்தைச் சத்துமாவு பாக்கெட்டோடு சேர்த்து அங்கன்வாடி சபிதா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். சபிதாவுக்கு வாய்தான் நீளம், பிரித்துப் பார்க்கிற குணம் கிடையாது. உன் போனுக்கு ஒன்பது தடவை கூப்பிட்டேன். முதல் தடவை மணி அடித்தது. பிறகு மணியே போகவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நான் செய்தது தப்பு. போன செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். பெஞ்சு நிறையப் பெண்கள். உன் மாமியார் சண்முகவடிவம்மா உன் பக்கத்தில் நிற்கிறார். உன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ஜிஷா, நீ பீடி வலிப்பியா?" என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள் கேட்கிற இடமா அது? "எங்க வீட்டுப் பிள்ளயப் பாத்துக் கேக்கிய கேள்வியா இது?" என்று உன் மாமியார் சத்தம் போட்டது நியாயம். நீ பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து போனதும் நியாயம்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோதும் என் ரெஜிஸ்டரில்தான் உன் பெயர். அப்போதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த வாசனை வரும். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற கொட்டகையில், அந்தப் புரையில், நிற்கிற பெண், அந்தப் புகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அந்தப் புகை இல்லை என்று என் மூக்குக்குத் தெரியும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன். ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, பிள்ளை நாலு நாள் இருந்துவிட்டுப் போனபோது உன் வீட்டுக்கு வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி தொண்டையிலேயே கிடந்தது. இந்தத் தடவை அதே வாசனை வந்ததும் இடம் பார்க்காமல் வெளியே வந்து விழுந்துவிட்டது.

உனக்கு இது பதினைந்தாம் வாரம். பிரஷர் பார்க்காமல், மாத்திரை வாங்காமல் இருக்காதே. என் மேல் கோபம் இருந்தால் அடுத்த ஊர் நர்ஸிடமாவது போ. நான் பேசி வைக்கிறேன்.

பெமிலா


19 ஜூலை 2024

நர்ஸம்மாவுக்கு,

நான் பீடி வலிக்கிறதில்ல. எனக்க வீட்டுக்காரரு வலிப்பாரு. அந்த வாசம் எனக்க துணியில வந்திருக்கும். இனி எழுத வேண்டாம்.

மன்னிப்பு கேட்டு எழுதினா தீந்து போவுமா? அன்னைக்கு அங்க இருந்து வந்ததும் மாமி எனக்க பையத் தொறந்து பாத்தாவ. ஒண்ணும் கேக்கல்ல. பாத்துட்டு மூடி வச்சுட்டுச் சோறு வடிக்கப் போனாவ. வஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ரேஷன் கடையில ஒருத்தி என்னயப் பாத்து மூக்கத் தொடச்சா. சளியாத்தான் இருக்கும். எனக்கு அப்பிடித் தோணல்ல.

நாங்க இப்ப மார்த்தாண்டத்துல பிரைவேட்டுல காட்டுதோம். அங்க உள்ள டாக்டர் ஒண்ணும் கேக்க மாட்டாரு. மொகத்தக்கூடப் பாக்க மாட்டாரு. ஸ்கேன் பெட்டியப் பாத்தே பேசிட்டு அனுப்பிருவாரு. எனக்கு அதுதான் கொள்ளாம், நிம்மதி.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதி அனுப்புங்க. சபிதாக்கா திங்கக்கிழம வருவாவ.

எனக்க பிள்ள அதுனாலயா போச்சு?

வலிக்கிறதில்லன்னு மேல எழுதியிருக்கேன். அது அங்க கெடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் போதும்.

ஜிஷா


21 ஜூலை 2024

ஜிஷா மக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உனக்கு ஆறுதலாகப் பொய் சொல்லியிருந்தேன். இன்னொன்றில் ரொம்ப நர்ஸாக இருந்தேன்.

உண்மை இதுதான்: தெரியாது. எனக்குத் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தெரியாது. பீடி தொடாத பெண்களுக்கும் ஏழாம் மாதத்தில் பிரசவமாகிறது. தினமும் வலிக்கிறவளுக்கும் மூன்று கிலோவில் பிள்ளை பிறக்கிறது. புகை உள்ளே போனால் பிள்ளை எடை குறையவும் முந்திப் பிறக்கவும் வழி கூடுகிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும். உன் பிள்ளை அதனால்தான் போயிற்று என்று எவராவது சொன்னால் அவர்களுக்கும் தெரியாது என்று அர்த்தம். நீயும் உன்னிடம் அப்படிச் சொல்லாதே.

அது முடிந்துபோன விஷயம். வயிற்றில் இருக்கிறதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புகையில் ஒரு வாயு இருக்கிறது. அது உன் ரத்தத்தில் ஏறி, பிள்ளைக்குப் போக வேண்டிய மூச்சுக்காற்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீ நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் அது இறங்கிப்போய்விடும். பதினைந்தாம் வாரம் ஒன்றும் தாமதமில்லை. இப்போது விட்டால் பிள்ளை வளர வேண்டிய காலம் முக்கால்வாசியும் சுத்தமான காற்றில் வளரும்.

நீ வலிக்கிறதில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. வலிக்கிற ஒரு பெண் உனக்குத் தெரிந்திருந்தால் அவளிடம் நான் ஒன்று கேட்டதாகச் சொல். ஒரு நாளில் எந்த பீடியை விடுவதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டம்?

பெமிலா


2 ஆகஸ்ட் 2024

பெமிலா நர்ஸம்மாவுக்கு,

காலத்த உள்ளதுதான். முதல் பீடி.

எனக்குத் தெரிஞ்ச பெண்ணுன்னு எழுதலாம்னு பாத்தேன். மூணு வரி எழுதினதும் எனக்கே சிரிப்பு வந்துட்டு. நான்தான்.

பதினேழு வயசுல இருந்து. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து மலைப்பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போக முடியாம ஆன வருசம், அவருக்க மரத்துல எல்லாம் நான் பால் வெட்டினேன். முந்நூறு மரம். காலத்த நாலு மணிக்குத் தலையில லைட்டக் கெட்டிட்டுப் போவணும். மழக்காலத்துல அந்த ரப்பர் விளைக்குள்ள கொசு எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குள்ள ஏறும். வெட்டுக்காரரு எல்லாரும் பீடியக் கொளுத்தி வாயில வச்சுக்கிட்டுத்தான் வெட்டுவாவ. நானும் கொசுவுக்காவத்தான் கொளுத்தினேன். பொறவு கொசு இல்லாத எடத்துலயும் வேண்டி வந்துது.

எனக்க வீட்டுக்காரரு ஸ்ரீஜித்துக்குத் தெரியும். அவரும் வெட்டுக்காரருதான. கெட்டின புதுசுல ரெண்டு பேரும் ஒரு பீடிய மாத்தி மாத்தி வலிப்போம், சிரிச்சுக்கிட்டு. அப்போ அது ஒரு சந்தோசமாத்தான் இருந்துது. பொய் சொல்ல மாட்டேன். முதல் பிள்ள வயித்துல கெடக்கும்போ பத்து பன்னிரண்டு வரைக்கும் போச்சு. இப்ப அஞ்சு ஆறு. மாமிக்குத் தெரியாது. வீட்டுல ஷீட்டு புகையும் ஸ்ரீஜித்துக்க வாசமும் எப்பவும் உண்டு. நான் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்.

நீங்க சத்தமாக் கேட்ட பொறவு ரெண்டு நாள் விட்டேன். தலை வெடிக்கப் பாத்துது. ஒரே வெப்ராளம். ஸ்ரீஜித் உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னதுக்கு மீன் சட்டியோட தூக்கிப் போட்டேன். நெத்திலி. முழுசும் மண்ணுல. மூணாம் நாள் காலத்த போய் ஒண்ணு கொளுத்திட்டு மரத்தக் கெட்டிப் பிடிச்சு அழுதேன்.

எனக்கு விடணும். சென்டருக்கு வர மாட்டேன். அந்த பெஞ்சப் பாத்தா வெக்கம் வருது. போன்லயும் பேசாண்டாம். எங்க வீட்டுல போன் எல்லாருக்க கையிலயும் கெடக்கும். எழுதுங்க.

ஜிஷா


5 ஆகஸ்ட் 2024

ஜிஷா மக்கா,

நெத்திலி போனால் போகட்டும். அந்த எரிச்சல் உன் குணம் இல்லை, பீடி போகிற போக்கில் செய்கிற வேலை. இரண்டு வாரம் கடினமாக இருக்கும். பிறகு குறையும். இன்றைக்கு ஆஸ்பத்திரி டாக்டரிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன். மருந்து எதுவும் இல்லாமல் முதலில் விட்டுப் பார்க்கலாம், முடியாவிட்டால் வரச் சொல், நானே பார்க்கிறேன் என்றார். பெண்தான், நல்ல மாதிரி.

குறைத்துக்கொண்டே வரலாம் என்று நினைக்காதே. ஆறு மூன்றாகும், மூன்று மறுபடி ஆறாகும். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு முழுசாக விடு. வலிக்க வேண்டும் என்ற ஆசை வந்தால் அது அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நிற்காது, கடிகாரத்தைப் பார்த்துக்கொள். அந்த அஞ்சு நிமிஷம் வாயிலும் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும். நெல்லிக்காய், பொரிகடலை, ஒரு மிடறு தண்ணீர். காலையில் வெட்டுக்குப் போகாதே. ஸ்ரீஜித் ஒருத்தரே இந்த சீசனை வெட்டட்டும். நீ அந்த விளைக்குள் நாலு மணிக்குப் போய் நின்றால் உன் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும். புகை போடுகிற புரைக்குள்ளும் போகாதே. அதுவும் புகைதான்.

ஆசையை அடக்க முடியாமல் ஒரு நாள் ஒன்றை வலித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று உட்காராதே. மறுநாள் மறுபடி விடு. எனக்கு எழுது. நான் வைய மாட்டேன்.

இனி வருவது ஸ்ரீஜித்துக்கு. அவரிடம் வாசித்துக் காட்டு.

தம்பி ஸ்ரீஜித், நீங்கள் விடுகிற புகையும் அந்தப் பிள்ளைக்குத்தான் போகும். உங்களை இன்றைக்கே விடச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் வேண்டாம். பீடிக்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். அவள் சட்டியைத் தூக்கி எறிந்தால் குனிந்துகொள்ளுங்கள்.

பெமிலா


29 ஆகஸ்ட் 2024

பெமிலாக்காவுக்கு,

இன்னைக்குப் பதினெட்டாவது நாள். பாருங்க, எழுத்து நேரா இருக்கு.

நர்ஸம்மான்னு எழுதி வெட்டிட்டு அக்கான்னு எழுதியிருக்கேன். தப்பா நெனைக்காதீங்க.

முதல் வாரம் நான் மனுசியே இல்ல. ஒறக்கம் கெடயாது. காலத்த நாலு மணிக்கு ஸ்ரீஜித் லைட்டு கெட்டிட்டுப் போவும்போ எனக்கு முழிப்பு வரும். அவரு போனதும் வாயெல்லாம் ஒரு கூச்சம். அப்போ எழும்பி நெல்லிக்காயத் தின்னேன். ஒரு நாளைக்குப் பதினஞ்சு நெல்லிக்கா. மாமி பாத்துட்டு, "மசக்கைக்கு இவ்வளவு புளிப்பு தின்னா ஆம்பிளப் பிள்ளதான்"னு சொல்லிட்டு வடசேரி சந்தையில இருந்து ஒரு சாக்கு கொண்டாந்து போட்டாவ. பாவம்.

ஸ்ரீஜித்த நீங்க பாக்கணும். இப்ப முக்கு ரோட்டுல நின்னு வலிச்சுட்டு, பின்னால கிணத்துல குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள ஏறுதாரு. ஒரு நாளைக்கு நாலு குளி. "ஏலே, ஒனக்கு ஒடம்புல என்ன சூடா?"ன்னு மாமி கேக்காவ. அவருக்கு ஜலதோசம் பிடிச்சுட்டு. தும்மிக்கிட்டே சொல்லுதாரு, "இதுக்கு விட்டுத் தொலைக்கியதே லாபம்"னு. இன்னும் விடல்ல. இருந்தாலும் அப்பிடி ஒரு வார்த்த வந்துட்டு.

நேத்து பிள்ள அசைஞ்சுது அக்கா. அடிவயித்துல மீன் வாலு தட்டின மாதிரி. ஸ்ரீஜித்தக் கூப்பிட்டேன். அவரு கைய வச்சதும் அனங்காம கெடந்துது.

வலிக்கணும்னு தோணும்போ இப்ப பேனாவ எடுக்கேன். இந்தக் கடுதாசி மூணு நாளா எழுதுதேன். அப்பிடீன்னா எத்தன வாட்டி தோணியிருக்கும்னு கணக்குப் பாத்துக்கிடுங்க.

ஒங்க ஜிஷா


23 செப்டம்பர் 2024

அக்கா,

வைய மாட்டேன்னு எழுதினிய. அத நம்பி எழுதுதேன்.

முந்தாநாள் செப்டம்பர் இருபத்தொண்ணு. எனக்க மூத்த பிள்ள பிறந்த நாள். வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல்ல. மறந்துட்டாவளா, எனக்காவ மிண்டாம இருந்தாவளா தெரியாது. ஸ்ரீஜித் ஷீட்ட ஏத்திக்கிட்டு அருமனைக்குப் போயிருந்தாரு. அவருக்க பழைய சட்டை கொடியில கெடந்துது. பையில ஒரு கட்டு. அதுல மூணு பீடி.

நான் விளைக்குள்ள போய் மூணையும் ஒண்ணுக்குப் பொறவு ஒண்ணா வலிச்சேன். நாப்பத்தொரு நாள் விட்டிருந்தேன். மூணாவது பாதியில இருக்கும்போ பின்னால சருகு சத்தம். மாமி. கையில எனக்குக் கட்டங்காப்பி. நான் பீடிய மறைக்கல்ல. மறைக்கணும்னு தோணல்ல. அவிய என்னயப் பாத்தாவ. காப்பிய மரத்துக்க மூட்டுல வச்சாவ. திரும்பிப் போய்ட்டாவ.

அதுக்குப் பொறவு பிள்ள அசையல்ல அக்கா. உச்சைக்கு அசையும், அசையல்ல. சாயங்காலம் அசையும், அசையல்ல. வெல்லம் தின்னு பாத்தேன், சரிஞ்சு படுத்துப் பாத்தேன். யாருகிட்டச் சொல்ல? மாமிகிட்டத்தான் போனேன். அடுக்களையில நின்னாவ. "மாமி, பிள்ள அனங்கல்ல"ன்னு சொன்னேன். எனக்கு வேற ஒண்ணும் வரல்ல. அவிய அடுப்ப அணைச்சாவ. ரோட்டுக்கு ஓடி ஆட்டோவ நிறுத்தினாவ.

ஆட்டோவுல எனக்க கைய விடாமப் பிடிச்சிருந்தாவ. மொகத்தப் பாக்கல்ல. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில டூட்டி நர்ஸ் வயித்துல அந்தச் சின்ன மிஷின வச்சு அங்க இங்க உருட்டினா. ஒண்ணும் கேக்கல்ல. நான் செத்துட்டேன்னு நெனச்சேன். பொறவு கேட்டுது. ஓட்டுல மழ விழுகிய மாதிரி, நிறுத்தாம. மாமி தரையில உக்காந்துட்டாவ.

இப்ப அசையுது. நல்லா அசையுது. ஆனா மாமி ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல்ல. சோறு வைக்காவ, மாத்திர எடுத்துத் தாறாவ.

அன்னைக்கே மறுபடி விட்டுட்டேன். இது ரெண்டாம் நாள். ஒண்ணுல இருந்து எண்ணணும்.

ஜிஷா


27 செப்டம்பர் 2024

ஜிஷா மக்கா,

வையவில்லை. நாற்பத்தொரு நாள் நீ விட்டிருந்தது அழிந்துபோகவில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் உன் பிள்ளை நல்ல காற்றைத்தான் எடுத்தது. அதை யாரும் திரும்ப வாங்க முடியாது. அசைவு நின்றதும் கூச்சம் பார்க்காமல் உன் மாமியாரிடம் போய்ச் சொன்னாயே, அதுதான் நீ செய்த பெரிய காரியம்.

நேற்று மத்தியானம் நான் டிபனைத் திறக்கும்போது சண்முகவடிவம்மா வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"வெளிய யாரும் இல்லியே?"

"இல்லம்மா, வாங்க."

"அன்னைக்கு நான் கத்தினது ஊருக்கே கேட்டுது. இன்னைக்குப் பைய பேசுதேன்."

நீ எனக்குக் கடிதம் எழுதுவதை நான் சொல்லவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை நான் எடுக்கவில்லை. எல்லாம் அவரே சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை உன் பையைத் திறந்து பார்த்தபோது அடியில் தீப்பெட்டியும் ஒரு பீடித்துண்டும் கிடந்ததாம்.

"பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்றேன்.

"கேட்டா அவ ஆமான்னு சொல்லணும். ஆமான்னு சொன்னா மூத்த பிள்ளக்க சாவு அவ தலையில போய் ஏறும். அத அவ தாங்க மாட்டா நர்ஸே. அதான் பாக்காத மாதிரி மூடி வச்சேன். காரணம் அவளுக்குத் தெரியாம நெல்லிக்காய வாங்கி வாங்கிப் போட்டேன். விடப் பாக்கான்னு எனக்குத் தெரியும்."

உனக்குத் தெரியாமல் உன்னோடு சேர்ந்து ஒருத்தர் இத்தனை நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இப்போது ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வாயத் தொறந்தா வசவுதான் வரும். எனக்கு வஞ்சுதான் வளக்கத் தெரியும். எனக்க மகனையும் அப்பிடித்தான் வளத்தேன். வஞ்சா அவ மறுபடி அந்தச் சவம் பிடிச்ச பீடியத் தேடிப் போவான்னு பயமா இருக்கு. வையாம எப்பிடிப் பேசுகதுன்னு சொல்லித் தா."

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியோடு எந்த மாமியாரும் என்னிடம் வந்ததில்லை. "நேற்று எப்படி இருந்தது என்று மட்டும் தினமும் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லுங்கள்" என்றேன். வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்றைக்கு அவர் கேட்டால் உண்மையைச் சொல்.

பெமிலாக்கா


10 நவம்பர் 2024

அக்கா,

இன்னைக்கு முப்பத்திரண்டாம் வாரம் தொடங்கப் போவுது. மூத்தது பிறந்த கணக்கத் தாண்டியாச்சு. தாண்டின அன்னைக்கு ஸ்ரீஜித் எனக்க பக்கத்துல வந்து இருந்தாரு. ரெண்டு பேரும் வயித்தப் பாத்துக்கிட்டே இருந்தோம், அது பேசப் போவுதுன்னு நெனச்ச மாதிரி.

மாமி தினமும் கேக்காவ. காலத்த காப்பியத் தந்துட்டு, "நேத்து எப்பிடி இருந்துது?" நான் சொல்லுவேன். "சரி." அவ்வளவுதான். முதல்ல அந்தச் சரி பல்லுக்கெடையில இருந்து வந்துது. இப்ப கொஞ்சம் எளகிப்போச்சு. வஞ்சே தீரணும்னு வந்தா பொறத்தால போய்க் கோழிய வையாவ. எங்க வீட்டுக் கோழிக்கு ரெண்டு மாசமா நல்ல சொல்லு கெடயாது.

மாமி வெத்தலையோட போயிலை போடுவாவல்லா. "மாமி, நீங்களும் விடுங்க"ன்னு ஒரு நாள் தைரியமாச் சொல்லிட்டேன். "ஏன், எனக்க வயித்துல பிள்ளயா கெடக்கு?"ன்னு கேட்டாவ. கோழிகிட்டப் போகல்ல, சிரிச்சாவ.

நேத்து வெக்கத்த விட்டுட்டு சென்டருக்கு வந்தேன், நீங்க வெளிய போயிருந்திய. உள்ள திரை கெட்டியிருக்கியதப் பாத்தேன். மாமிக்க பழைய சேலை. எங்கிட்டச் சொல்லாமக் கொண்டாந்து தந்திருக்காவ. இப்ப ஒவ்வொருத்தியையும் தனியாக் கூப்பிட்டுக் கேக்கியன்னு சபிதாக்கா சொன்னாவ. வீட்டுல யாரு வலிப்பா, நீ வலிப்பியா, போயிலை போடுவியான்னு எல்லாருக்கும் ஒரே கேள்வி. அப்போ யாரும் யாரையும் பாத்து மூக்கத் தொடைக்க வேண்டாம். கொள்ளாம் அக்கா.

எனக்கு இது அம்பதாவது நாள்.

ஜிஷா


8 ஜனவரி 2025
குளச்சல்

ஜிஷா மக்கா,

சபிதா போனில் சொன்னாள். பெண் பிள்ளை, இரண்டு கிலோ எழுநூற்றைம்பது! ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் கத்தியதில் இங்குள்ள நர்ஸ்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். டிசம்பரில் டிரான்ஸ்பர் வந்தபோது உன் பிரசவம் வரைக்குமாவது விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. பிள்ளையை முதலில் கையில் வாங்கியது சண்முகவடிவம்மா என்றும், வாங்கியதும் அந்த நர்ஸைப் பார்த்து, "பைய, பைய" என்று வைதார் என்றும் கேள்விப்பட்டேன். நல்லது.

பால் குடிக்கிறாளா? தொப்புள் காய்ந்ததா? ஆறாம் வாரம் ஊசி மறக்கக்கூடாது. ஸ்ரீஜித் விட்டு மூன்று வாரம் ஆகிறது என்றும் சபிதா சொன்னாள். அவரிடம் நான் சந்தோஷப்பட்டதாகச் சொல்.

எடை எவ்வளவு கூடுகிறது என்று எழுது.

பெமிலாக்கா


8 ஏப்ரல் 2025

அக்கா,

ஒங்க மூணு கடுதாசியும் கெடச்சுது. பதில் எழுதாம இருந்ததுக்குக் கோவிக்காதீங்க. பிள்ளைக்கு அபிதான்னு பேரு வச்சோம். அஞ்சு கிலோ எண்ணூறு. ஊசி எல்லாம் போட்டாச்சு. கவுந்து படுக்கப் பாக்கா. மாமி நாள் முழுசும் அவள மடியில போட்டுக்கிட்டுக் கோழியக் காட்டுதாவ. கோழிக்கு இப்ப நல்ல காலம்.

இல எல்லாம் தளுத்துட்டு, வெட்டு தொடங்கியாச்சு. போன வாரம் நானும் போனேன். ஒருத்தரா வெட்டி முடியல்ல அவருக்கு. ஸ்ரீஜித் மேல விளையில, நான் கீழ விளையில. காலத்த நாலரை மணி, தலையில லைட்டு. கத்தியை மரத்துல வச்சதும் நெஞ்செல்லாம் பால் கெட்டி நோவுது, பிள்ள அங்க அழுவாளோன்னு ஒரு பக்கம். அந்தக் கொசு, அந்த மணம். எனக்கு ஏழெட்டு மாசம் பின்னால போன மாதிரி ஆச்சு.

முந்தாநாள் அடுத்த விளை வெட்டுக்காரருகிட்ட ஒண்ணு வாங்கி வலிச்சேன். பாதி. மீதிய மண்ணுல அழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து தலையோட குளிச்சுட்டுத்தான் பிள்ளயத் தொட்டேன்.

மாமிகிட்டச் சொல்லல்ல. மாமி இப்ப, "நேத்து எப்பிடி இருந்துது"ன்னு கேக்கியதில்ல. பிள்ளக்க பால், பிள்ளக்க வயித்தப்போக்கு, அதுக்கே நேரம் செரியாப் போச்சு. அவியளக் குத்தம் சொல்லல்ல. ஸ்ரீஜித்துகிட்டச் சொன்னா அவரும் தொட்டுருவாருன்னு பயம். புது நர்ஸ் நல்ல பிள்ளதான். வந்தா எடை போடுவா, ஊசி போடுவா, அட்டையில எழுதிட்டுப் போயிருவா.

ஒண்ணு சொல்லட்டா அக்கா? வயித்துல பிள்ள கெடந்தவரைக்கும் எல்லாரும் என்னயக் கேட்டாவ. என்ன தின்ன, எப்பிடி ஒறங்கின, வலிச்சியா வலிக்கல்லியா. பிள்ள வெளிய வந்ததும் எல்லாரும் பிள்ளயத்தான் கேக்காவ. நீங்க எழுதின மூணு கடுதாசியையும் எடுத்து மறுபடி வாசிச்சேன். எடை, ஊசி, தொப்புள், பால். எல்லாம் கேட்டிருக்கிய. என்னயக் கேக்கல்ல.

கோவத்துல எழுதல்ல. எழுதணும்னு தோணிச்சு.

ஜிஷா


10 ஏப்ரல் 2025
குளச்சல்

ஜிஷா மக்கா,

உன் கடிதம் வந்ததும் என்னிடம் உள்ள உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரி. கேட்கவில்லை. பிரசவம் ஆனதும் தாயின் பக்கத்தை மூடிவிட்டுப் பிள்ளையின் பக்கத்தைத் திறப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். உன்னிடத்திலும் அப்படியே செய்திருக்கிறேன்.

பாதியில் அணைத்தாயே, அந்தப் பாதியைப் பற்றி எனக்கு முழுசாகக் கேட்க வேண்டும். எழுத வேண்டாம். வரும் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்கிருந்து பஸ் ஏறுகிறேன். மத்தியானத்துக்குள் உன் வீட்டில் இருப்பேன். நெத்திலி கிடைத்தால் வாங்கி வருகிறேன், நீயே குழம்பு வை.

அபிதாவைச் சண்முகவடிவம்மா கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார். எடை போடுகிற தராசை நான் கொண்டு வரவில்லை. உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன்.

பெமிலாக்கா